இடப்பக்கம் நனையவில்லை

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் மன்னார்த் தீவின் தாராபுரத்தில் ஒருவருக்கும் நல்ல குணம் இருக்காது. மணல் கண்ணிலும் விழும், சோற்றிலும் விழும். ஆடுகள் மேயாமல் வேலியோரம் ஒதுங்கி நின்று முழிக்கும். உதட்டில் உப்புப் படிந்து, நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தவனுக்கும் ஏச்சுத்தான் வெளியே வரும். அதுவும் கிணறு இறங்குகிற வருஷமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வெள்ளைக்காரன் மன்னாருக்கு ரயில் கொண்டுவரப் போகிறானாம் என்று அரசாங்கக் கந்தோர்ப் பக்கம் போய்வந்தவர்கள் கதைத்துக்கொண்டிருந்த அந்த வருஷம், கிணறு இறங்கியது.

மன்னார்த் தீவில் கிணறு தோண்டுவது பெரிய காரியமில்லை. மணலைக் கையால் கிளறினாலே தண்ணீர் வரும். வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அக்கம்பக்கம் மாமி என்று கூப்பிடும் உம்மு குல்சூமின் வளவுக்கும் றஹீமாவின் வளவுக்கும் நடுவில், பூவரசு நிழலில் இருந்த கிணற்றில் பருப்பு வேகிற தண்ணீர் ஊறியது. மூன்று வீட்டுக்கு அது பொது. கயிறும் தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டையும் மட்டும் உம்மு குல்சூமுடையவை. அதை அவள் யாரையும் மறக்க விட்டதில்லை.

அந்தத் தண்ணீரைத்தான் றஹீமாவின் புருஷன் வஸீர் மணலில் கொட்டிக்கொண்டிருந்தான்.

குளிக்க இல்லை, தோட்டத்துக்கு இல்லை. தொழுகைக்கு முன்னால் எல்லா முஸ்லிம்களும் கை, முகம், கால் கழுவி எடுக்கிற வுழுவுக்குத்தான். மற்றவர்களுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். வஸீருக்குக் குடங்கள் வேண்டியிருந்தன. கழுவுவான், எழும்புவான், இரண்டு எட்டு வைப்பான், நிற்பான், திரும்பி வந்து மறுபடி கழுவுவான். அவன் உட்காரும் கல்லைச் சுற்றிக் குட்டையாகத் தேங்கிவிடும். தீவில் சுற்றித் திரியும் கழுதைகளுக்கு அது நன்றாகப் பழகிப்போயிருந்தது.

"பள்ளியில பாங்கு சொன்னா ஆக்கள் எழும்ப முதல் இதுகள் வந்து நிக்குதுகள்" என்பாள் உம்மு குல்சூம். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆவணி பிறந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கழுவலைப் பார்த்துத்தான் வஸீரை மாப்பிள்ளையாக எடுத்தார்கள். றஹீமாவுக்குத் தாயும் தகப்பனும் இல்லை. அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் முஹைதீன் கருவாட்டு வியாபாரமாக மறிச்சுக்கட்டிக்குப் போயிருந்தபோது, பள்ளிவாசல் தொட்டியடியில் எல்லாரும் தொழப் போன பிறகும் ஒருவன் நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருப்பதைக் கண்டான். இந்தக் காலத்தில் இவ்வளவு பேணுதலான பிள்ளையா என்று மனம் இளகிப்போய் விசாரித்தான். வாப்பா இல்லை, உம்மா மட்டும், ஒரு தம்பி இருந்து முத்துக்குளிப்புக் காலத்தில் நோய் வந்து மௌத்தாகிவிட்டான் என்றார்கள். கல்யாணம் பேசி, தங்கச்சியின் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் பேணுதல்தான் இரண்டு வருஷத்தில் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது.

தோல் முதலில் விரலிடுக்கில் வெடித்தது. முஹைதீனின் கருவாட்டு வாடியில் வஸீருக்கு மீன் பிளந்து உப்புப் போடுகிற வேலை. பாரை மீனை முதுகுப் பக்கமாகக் கீறி, குடல் எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, கல்லுப்பைக் கைநிறைய அள்ளி வயிற்றுக்குள் திணித்துத் தேய்க்க வேண்டும். உப்புப் போடுகிற எவனுக்கும் கை வெடிக்கும். இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பார்கள். வஸீரின் கை அப்படி ஆறுகிற கையாக இல்லை. விரலிடுக்கில் தொடங்கியது புறங்கைக்கு ஏறி, முழங்கை வரை சிவந்து, செதிள் செதிளாக உரிந்தது. காலும் கணுக்கால் வரை அப்படியே. உப்பை அள்ளும்போது அவன் கண்ணில் தண்ணீர் தானாக வடியும். ஒரு நாள் சரக்கெடுக்க வந்த கொழும்பு முதலாளி அந்தக் கையைக் கண்டுவிட்டு, இந்த ஆள் தொட்ட கருவாடு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து வஸீருக்குக் காய்கிற கருவாட்டுப் பாய்க்குக் காகம் கலைக்கிற வேலை. பொடியன்கள் செய்கிற வேலை அது. அவன் தடியை வாங்கிக்கொண்டு போய் வெயிலில் உட்கார்ந்தான்.

றஹீமா பேசாலைப் பக்கத்திலிருந்து நாட்டு வைத்தியம் பார்க்கிற யாகப்பர் பரியாரியாரை வரவழைத்தாள். வேதக்கார மனிசன், கழுத்தில் செபமாலை, கையில் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய பெட்டி. பொறுமைசாலி.

"கையை நீட்டுங்கோ தம்பி."

வஸீர் வலக்கையை நீட்டினான்.

"இது உப்பு வெடிப்பு. வாடியில நிக்கிற எல்லாருக்கும் வாறதுதான். மற்றக் கை?"

இடக்கையை இடுப்புச் சாரத்துக்குள்ளிருந்து எடுப்பதற்கு நேரம் பிடித்தது. யாகப்பர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு கால்களைப் பார்த்தார். வலது கால் ஏதோ பரவாயில்லை. இடது கால் நடக்கிற காலாகவே இல்லை.

"தம்பி இடக்கையாலயோ வேலை செய்யிறது?"

"இல்லை பரியாரியார்."

"அப்ப இதென்ன புதினம்? ரத்தம் கெட்டால் ரெண்டு பக்கமும் காட்டவேணும். ரத்தத்துக்கு இடது வலது தெரியாது." றஹீமாவின் பக்கம் திரும்பினார். "நித்திரை கொள்ளுறாரோ பிள்ளை?"

"எங்க கொள்ளுறார்? பிரண்டு பிரண்டு படுப்பார். பேந்து எழும்பி இருப்பார்."

"சாப்பாடு?"

"அளைஞ்சுபோட்டு எழும்பீடுவார்."

யாகப்பர் மறுபடி அந்த இடக்கையைப் பார்த்தார். "மனம் கொதிச்சாலும் தோல் வெடிக்கும். நான் கனபேரிலை பாத்திருக்கிறன். தம்பி, மனசில ஏதும் யோசினை கிடக்கோ?"

"ஒண்டுமில்லை" என்றான் வஸீர், மிகவும் மரியாதையாக.

ஒன்றுமில்லை என்கிறவனுக்கு எந்தப் பரியாரியார் என்ன செய்ய முடியும்? வேம்பும் புங்கும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கொடுத்து, நண்டும் கத்தரிக்காயும் ஆகாது என்று சொல்லிவிட்டு யாகப்பர் வண்டியேறினார்.

எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் எண்ணெய்ப் பசை இருந்தால் தண்ணீர் தோலில் படாது, படாவிட்டால் வுழு நிறைவேறாது என்று வஸீர் பயந்தான். ஆகவே றஹீமா பூசிவிட்ட எண்ணெயை ஒவ்வொரு தொழுகைக்கு முன்னாலும் தேங்காய்த் தும்பும் மணலும் வைத்துத் தேய்த்துக் கழற்றினான். மருந்தோடு சேர்ந்து தோலும் வந்தது. மருந்து தொடங்கிய பிறகுதான் இரத்தம் கசியத் தொடங்கியது. யாகப்பர் இதைக் கேட்டிருந்தால் செபமாலையைக் கழற்றி அடித்திருப்பார்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் முஹைதீன் தங்கச்சி வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே உம்மு குல்சூமும் வந்து படலையடியில் நின்றாள். வஸீர் இன்னும் வாடியிலிருந்து வரவில்லை.

"நான் சுத்தி வளைச்சுக் கதைக்கிற ஆளில்லை, தங்கச்சி" என்று தொடங்கிய முஹைதீன், காற்றைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் தன் மனைவியின் பல்லுக்குத்தைப் பற்றியும் கதைத்து முடித்தபிறகு விஷயத்துக்கு வந்தான். "ஊர் ஒரு மாதிரிக் கதைக்குது. தொட்டால் ஒட்டுற வருத்தமோ எண்டு கேக்கினம். ஊர் விதானையிட்டப் போய் ஆரும் சொல்ல முதல் நாங்களாச் செய்தால் மரியாதை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடியட்டும். ஆளை மறிச்சுக்கட்டிக்கு அனுப்புவம். அவற்ர உம்மா பாக்கட்டும்."

"பேந்து?"

"பேந்தென்ன, தலாக் கதையைப் பாப்பம். பிள்ளைகுட்டி இல்லை. நீ இன்னும் இளம் பெட்டை."

"நானா, நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஓம், நான்தான். அதுக்கு இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?" என்று கத்தினான் முஹைதீன். அவனுக்கும் உள்ளுக்குள் வெட்கம்.

உம்மு குல்சூம் உள்ளே வராமலே பேசினாள். "எனக்கு அவரிலை கோவமில்லை, பிள்ளை. ஆனா காலமை பட்டையைப் போட்டா சேறுதான் வருது. மழைக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு? கிணத்தைப் பூட்டேலாது. கயிறு என்ரது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் இந்தக் கூத்து நடந்தா, கயிறை நான் அவிட்டு உள்ளுக்க வைச்சிடுவன்."

அவர்கள் போன பிறகு றஹீமா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஓம் என்று சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது. அவ்வளவு களைத்துப்போயிருந்தாள். காலையில் எழும்பினால் தண்ணீர், படுக்கப்போனால் தண்ணீர். கிணற்றடியில் நாலு பேர் முகம் பார்க்க முடியவில்லை. இந்த மனிசன் போனால் ஒரு நாளாவது நிம்மதியாகப் படுக்கலாமே என்று நினைத்தாள். நினைத்ததற்காக அழுதாள். பிறகு எழும்பி மீன் குழம்பு வைத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வஸீர் வழக்கம்போல மீன் தலையைப் பிரித்து, கன்னத்துச் சதையை எடுத்து, அவள் பக்கம் தள்ளினான். கல்யாணமான முதல் நாளிலிருந்து அவன் அப்படித்தான். வலக்கையால் தள்ளினான், இடக்கை சாரத்துக்குள் கிடந்தது. றஹீமா அந்த வலக்கையைப் பார்த்தாள். வெடிப்பு இருந்தது, ஆனாலும் அது ஒரு மனிசனின் கை. இதே உப்பு, இதே தண்ணீர், இதே வெயில் பட்ட மற்றக் கைக்கு மட்டும் என்ன வந்தது? யாகப்பர் கேட்டுவிட்டுப் போன கேள்வி அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, அவன் குடத்தோடு கல்லுக்குப் போனான். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குள் போய்விடுவாள், பார்க்கப் பொறுக்காது. அன்றைக்குப் போகவில்லை. பூவரசுக்குக் கீழே குந்தியிருந்து பார்த்தாள்.

வாய் கொப்பளித்தான். முகம் கழுவினான். வலக்கையை முழங்கை வரை மூன்று தரம் கழுவினான். அதில் ஒரு குழப்பமும் இல்லை. ஊரில் எல்லாரும் கழுவுகிற மாதிரியே கழுவினான். இடக்கைக்கு வந்ததும் ஆள் மாறிப்போனான். மூன்று தரம் ஊற்றினான். நிறுத்தினான். விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தான். மறுபடி ஊற்றினான். உதடு எதையோ முணுமுணுத்தது. குடத்தைச் சரித்து உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தான்.  குடம் வற்றியதும் அவன் தலையைத் தூக்கித் தெருப்பக்கம் பார்த்தான், யாரோ வந்துவிட்டார்களா என்று பார்க்கிறவனைப் போல. தெருவில் கழுதைகளைத் தவிர யாருமில்லை.

றஹீமா எழும்பிப் போய் அவனுக்கு முன்னால், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ. ஆரைப் பாக்கிறீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை."

"வலக்கைக்கு மூண்டு தரம் காணும். இடக்கைக்கு ஏன் காணேல்லை?"

 அவன் கை சாரத்தைத் தேடியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு வலித்திருக்கும், அவள் விடவில்லை.

"நாளைக்கு உங்களை அனுப்பப் போகினம். நானாவும் மாமியும் முடிவெடுத்திட்டினம். நானும் ஓம் எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டன். என்னெண்டு தெரியாமலே உங்களை அனுப்பச் சொல்லுறீங்களோ?"

வஸீர் வெறும் குடத்தைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, எங்கிருந்தோ கதையின் நடுவிலிருந்து தொடங்கினான்.

"ஒரு குடம்தான் இருந்தது."

"எங்க?"

"காம்பில. கடைசி முத்துக்குளிப்புக்கு எங்கட ஊருக்குப் பக்கத்தில காம்பு போட்டவங்கள். நான் அங்க தண்ணி சுமந்து வித்தனான். விளங்குதோ? தண்ணி விக்கிறவன் நான். என்ர தம்பிக்குக் காமில் எண்டு பேர், அவனுக்குத் தோணியில, குளிக்கிறவங்களுக்குக் கயிறு இழுக்கிற வேலை. கொலரா வந்திட்டுது. உடனே கிணறெல்லாத்துக்கும் காவல் போட்டு மறிச்சிட்டாங்கள். என்ர குடிலில ஒரு குடம் மிச்சம் கிடந்தது. காமில் ராவு முழுக்க வயித்தாலை போய், விடிய மௌத்தாயிட்டான்."

"இன்னா லில்லாஹி..."

"மௌத்தானவங்கட மையித்து எடுக்க வண்டி வருமெண்டு தெரியும். லெப்பை இல்லை, ஆரும் கிட்ட வரமாட்டினம். நான்தான் குளிப்பாட்டத் தொடங்கினன். தலையைக் கழுவினன். வலப்பக்கம் முழுக்கக் கழுவினன், ஒழுங்கா, வடிவா. அவன்ர கால் விரலெல்லாம் சேறு, அதையும் எடுத்தனான். தண்ணியைப் பாத்துப் பாத்துத்தான் ஊத்தினன். இடப்பக்கம் திருப்பேக்க வண்டி வந்திட்டுது."

"அவங்களிட்டச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். இன்னும் இடப்பக்கம் கிடக்கு, கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொன்னனான். அவங்களும் மோசமான ஆக்களில்லை. வண்டியில இன்னும் நாலு மையித்துக் கிடந்தது. ஒருத்தன் குடத்துக்குள்ள பாத்துப்போட்டு, தண்ணியும் இல்லையே தம்பி, எதாலை கழுவப்போறாய் எண்டு கேட்டான். பாயோட தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். அவன்ர இடப்பக்கம் காஞ்சபடி மண்ணுக்குப் போயிட்டுது, றஹீமா. உம்மாட்ட எல்லாம் முறையாச் செய்ததெண்டு சொல்லியிருக்கிறன்."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. இடக்கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினான். "எவ்வளவு ஊத்தினாலும் இது நனையிற மாதிரித் தெரியேல்லை."

றஹீமா எழும்பினாள். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு நேரே பள்ளியில் தொழுவிக்கிற சரிபுதீன் லெப்பையின் வீட்டுக்கு நடந்தாள். வஸீர் தொழுதுவிட்டுப் பின்னால் வந்தான்.

லெப்பைக்கு முழங்கால் வாதம். கதிரையில் காலை நீட்டிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

"அடே பிள்ளை, இதை மூண்டு வருஷமாச் சுமக்கிறியோ? தண்ணி இருக்குமட்டும் கழுவினாய். தண்ணி முடிஞ்சா மண்ணைத் தொட்டு மையித்துக்குத் தயம்மும் செய்திருக்கலாம். அதுக்கும் விடேல்லை. ஏலாததை அல்லாஹ் கேக்கமாட்டான். வயித்து வருத்தத்தில மௌத்தாகிறவருக்கு மார்க்கத்துக்காக உயிர் விட்ட ஷஹீதுட கூலி எண்டு கிதாபில கிடக்கு. உன்ர தம்பி உன்னையும் என்னையும் விட நல்ல இடத்தில இருக்கிறான். நாளைக்கு ஜும்மாவுக்குப் பிறகு மையித்து முன்னால இல்லாமலே அவன்ர பேருக்குக் காயிப் ஜனாஸா தொழுவம், ஊரெல்லாம் நிண்டு. உனக்கு வந்திருக்கிறது வஸ்வாஸ். ஷைத்தான் காதுக்க இருந்து இன்னும் நனையேல்லை, இன்னும் நனையேல்லை எண்டு சொல்லுறான். கை ஆறுமட்டும் நீ தண்ணியே தொடாதை. தயம்மும் செய்து தொழு. சட்டம் அப்பிடித்தான்."

வெள்ளிக்கிழமை ஊரே நின்று காமிலுக்காகத் தொழுதது. வஸீர் முன் வரிசையில் நின்று அழுதான். முஹைதீன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறிச்சுக்கட்டிப் பயணக் கதையை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று றஹீமா நம்பிப் படுத்தாள்.

விடியப் பாங்கோடு கிணற்றடியில் பட்டை விழுகிற சத்தம் கேட்டது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வஸீர் கல்லில் உட்கார்ந்திருந்தான். தயம்மும் செய்து பார்த்திருக்கிறான்; மண் வெடிப்புக்குள் போய் எரிந்திருக்கிறது, மனமும் ஒப்பவில்லை. கழுதைகள் சரியான நேரத்துக்கு வந்து நின்றன. றஹீமா மணலில் அப்படியே இருந்துவிட்டாள்.

"லெப்பை சொன்னவரே!"

"சொன்னவர்தான். விளங்கினதுதான்."

"காதுக்கு விளங்கியிருக்கு. கைக்கு விளங்கேல்லை" என்றாள். எரிச்சலில் சொன்னதுதான். சொன்ன பிறகு, அதைத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்தாள். எழும்பி அவன் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கினாள்.

"இனி நான் ஊத்துறன். நீங்கள் பாக்க வேண்டாம். கண்ணை மூடுங்கோ. நனைஞ்சிட்டுதோ இல்லையோ எண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

"நனையாட்டி?"

"நனையாட்டி அந்தக் குற்றம் என்ரது. மறுமையில, மஹ்ஷரில அல்லாஹ் கேட்டா, றஹீமா சொன்னாள், நான் எழும்பினன் எண்டு சொல்லுங்கோ. நான் பதில் சொல்லுவன்."

 அவளும் அல்லாஹ்வுக்குப் பயந்தவள்தான். இன்னொருவருடைய கணக்கைத் தலையில் ஏற்றுகிறது விளையாட்டில்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

வஸீர் கண்ணை மூடவில்லை. பாவமாக அவளைப் பார்த்தான். "ஒரு பொம்பிளைட சாட்சி காணாது, றஹீமா."

வேறு யாராக இருந்தாலும் குடத்தைத் தலையில் போட்டு உடைத்திருப்பார்கள். றஹீமாவின் கையும் கொஞ்சம் உயரத்தான் செய்தது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உம்மு குல்சூம் வந்தாள். கயிற்றை அவிழ்க்க வந்தவள், கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ரெண்டு பொம்பிளை எண்டால் காணுமோ மருமகன்?"

வஸீர் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்கோவன். ரெண்டு பேர் எண்டால் ஒரு ஆம்பிளைட சாட்சிக்குச் சரிதானே? நான் இருக்கிறன். எப்பிடியும் நான் இந்தத் தண்ணியைக் காவல் பாக்கத்தான் வேணும், அதோட இதையும் பாக்கிறன். ஒரு குடம். ஒரு குடத்துக்கு மேல ஒரு சிரட்டை போகவிடமாட்டன். ஊத்து பிள்ளை."

றஹீமா ஊற்றினாள். வலக்கை மூன்று. இடக்கை மூன்று.

"நனைஞ்சிட்டுது" என்றாள் றஹீமா.

உம்மு குல்சூம் பார்வை மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டக் குனிந்தாள். "நனைஞ்சிட்டுது. வடிவா நனைஞ்சிட்டுது. எழும்புங்கோ."

அவன் எழும்பினான். இரண்டு எட்டு வைத்தான், நின்றான். இரண்டு பெண்களும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.  பிறகு தொழப் போனான். தொழுது முடிக்கும்வரை அவன் நிம்மதியாக இருந்தான் என்று சொன்னால் பொய். ஆனால் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு நடந்தது அதிசயம் ஒன்றுமில்லை, வெறும் வேலை. விடியவும், மத்தியானமும், பின்னேரமும், பொழுதுபட்டும், படுக்கமுதலும் றஹீமா தண்ணீர் அள்ளினாள், ஊற்றினாள், சொன்னாள். உம்மு குல்சூம் வந்து பார்த்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் படுத்தபடியே "நனைஞ்சிட்டுதோ?" என்று கேட்டு, "அப்ப சரி" என்று சாட்சி சொன்னாள். சில நாள் வஸீர் திரும்பி வந்து குடத்தைப் பறிக்கப் பார்த்தான். சில நாள் அழுதான். ஒரு நாள் றஹீமாவை விசரி என்று ஏசினான்.

முஹைதீன் இதைக் கண்டுவிட்டு, "உனக்கென்ன விசரோ, ஒரு நாளைப்போல இதையே செய்துகொண்டிருக்க?" என்று கேட்டான்.

"ஓம் நானா. அந்த விசரை நான் வாங்கிட்டன். அவர் கொஞ்சம் ஆறட்டும்" என்றாள்.

தேய்ப்பது நின்றதும் யாகப்பரின் எண்ணெய் தன் வேலையைச் செய்தது. இரவுத் தொழுகைக்குப் பிறகு பூசி, விடியக் கடலைமாப் போட்டு மெதுவாக எடுத்தார்கள். முதலில் கசிவு நின்றது. பிறகு செதிள் உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. நித்திரையும் திரும்பியது. தோல் ஆறியதால் நித்திரை வந்ததா, நித்திரை வந்ததால் தோல் ஆறியதா என்று கேட்டால் யாகப்பருக்கே தெரியாது. வந்து பார்த்தவர், "ரெண்டும் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு ஏறும் தம்பி, இறங்கினதும் அப்பிடித்தானே" என்றார். கழுதைகள் கொஞ்ச நாள் வந்து நின்று பார்த்தன. குட்டை இல்லாததைக் கண்டு பள்ளித் தொட்டிப் பக்கம் போய்விட்டன. வஸீர் காகத்தடியை வைத்துவிட்டுக் கருவாட்டுப் பாய் விரிக்கத் தொடங்கினான்.

ஆனால் றஹீமாவுக்கு ஒரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கிணற்றில் தண்ணீர் இல்லை, மாமி காவல் இருக்கிறாள், ஒரு குடம் என்றால் ஒரு குடம். மழை வந்தால்? கிணறு வாய்வரை நிறைந்து, எவ்வளவு கொட்டினாலும் கேட்க ஆளில்லாத காலம் வந்தால் இந்த மனிசன் என்ன செய்வான்? ஊரெல்லாம் வானத்தைப் பார்த்து மழைக்குத் துஆக் கேட்டபோது, அவள் மட்டும் அரைமனதோடு ஆமீன் சொன்னாள்.

ஐப்பசியில் வாடைக் காற்று மழையைக் கொண்டுவந்தது. இரவு பகலாகக் கொட்டி, கூரை ஒழுகி, வளவெல்லாம் தண்ணீர் தேங்கியது. கிணற்றில் கையை விட்டே தண்ணீர் அள்ளலாம் என்றாகிவிட்டது. உம்மு குல்சூம் கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்தாள், கோபத்தில் இல்லை, தேவையில்லை என்பதால்.

மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில் றஹீமா பிந்திக் கண் விழித்தாள். அவளுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் அவை. மற்றப் பெண்கள் அந்த நாட்களில் விடியக் கொஞ்சம் கூடப் படுப்பார்கள். அவளுக்கு அதுவும் இத்தனை மாதம் வாய்க்கவில்லை. தனக்குத் தொழுகை இல்லாவிட்டாலும் அவனுக்குத் தண்ணீர் ஊற்ற எழும்பியாக வேண்டும். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. இடுப்பு வலித்தது. பாயில் பக்கத்தில் அவன் இல்லை. வெளியே தண்ணீர்ச் சத்தம்.

 பாயில் எழும்பிக் குந்தினாள். குந்தியிருந்தபடியே கேட்டாள். ஊற்றுகிற சத்தம். நின்றது. மறுபடி ஊற்றுகிற சத்தம். நின்றது. இனி வரும் என்று காத்திருந்தாள். பூவரசிலிருந்து மழைத்துளி உதிர்வது மட்டும் கேட்டது.

வஸீர் உள்ளே வந்தான். வலக்கையிலிருந்தும் இடக்கையிலிருந்தும் ஒரே மாதிரித் தண்ணீர் சொட்டியது.

"ஏன் என்னை எழுப்பேல்லை?"

"நீ நல்ல நித்திரை."

"மாமி வந்தவவோ?"

"இல்லை."

"அப்ப நனைஞ்சிட்டுதெண்டு ஆர் சொன்னது?"

அவன் இடக்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். "நான்தான் சொன்னன்" என்றான். பாயை விரித்துத் தொழ நின்றான்.

றஹீமா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தான், நிமிர்ந்தான், நெற்றி தரையில் பட சுஜூதுக்குப் போனான். திரும்பிக் கிணற்றுப் பக்கம் பார்க்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். வெயில் ஏறி, உம்மு குல்சூம் வேலியால் எட்டிப் பார்த்து "பிள்ளை எங்க?" என்று கேட்டபோது, வஸீர் இடக்கை விரலை உதட்டில் வைத்து, சத்தம் போட வேண்டாம் என்று காட்டினான்.